ராமநாதபுரம் கடற்கரையில் நூறு வருஷம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன்காரன் என்று தெரிந்துவிட்டால் வெளியூர் நண்பர்கள் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். ராமேஸ்வரத்தில் எங்கே தங்கலாம்? அந்தக் காலத்தில் இங்கே எப்படி வாழ்ந்தார்கள்? முதல் கேள்விக்கு என்னிடம் உருப்படியான பதில் கிடையாது. இரண்டாவதற்கு, அப்பத்தா சொல்லிக் கேட்டதும் டீக்கடை பெஞ்சில் கேட்டதும் படித்ததும் கண்ணால் பார்த்ததும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. அக்கா மகள் கல்லூரி வேலைக்காக என்னைக் குடைந்த கேள்விகளையும் சேர்த்து ஒரே இடத்தில் பதில் எழுதிவிட்டேன்.

எந்தக் கரையைச் சொல்கிறீர்கள்? நூறு வருஷம் என்றால் எதிலிருந்து?

வடக்கே தொண்டி, தேவிபட்டினம். அங்கிருந்து இறங்கி மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி. திரும்பி மேற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர், நரிப்பையூர். வடக்குப் பக்கம் பாக் நீரிணை, தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா. எங்கள் ஊர்க்காரர்கள் இந்தப் பெயர்களைச் சொல்ல மாட்டார்கள். அமைதியாகக் கிடப்பது பெண் கடல், அலையடிப்பது ஆண் கடல். பாம்பனில் நின்றால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

1910-இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரித்து ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். 1985-இல் அதையே மூன்றாக உடைத்து சிவகங்கையையும் விருதுநகரையும் தனியாக்கினார்கள். நான் கணக்கு வைப்பது 1920-களிலிருந்து. ரயில் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது, தனுஷ்கோடி நல்ல வாழ்வில் இருந்தது, இந்தக் கரையின் முன்வாசல் கடலைப் பார்த்து இருந்தது. இன்று அது கொல்லைப்புறம் ஆகிவிட்டது என்பது என் எண்ணம். அந்த எண்ணம் கீழே பல பதில்களில் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலம் வருவதற்கு முன் தீவுக்கு எப்படிப் போனார்கள்?

படகில்தான். 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். நீளம் 2 கி.மீ.க்குச் சற்று மேல். நடுவில் கப்பல் வந்தால் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றித் தூக்கும் தூக்குப்பாலம். அதற்கப்புறம் 74 வருஷம் தீவுக்கு ரயிலை விட்டால் வேறு தரைவழி கிடையாது. பஸ்ஸும் லாரியும் பாலத்தில் வந்தது 1988 அக்டோபர் 2-இல் ராஜீவ் காந்தி சாலைப் பாலத்தைத் திறந்த பிறகுதான். அதுவரை தீவில் பிரசவ வலி கண்டால் ரயில் நேரம் பார்க்க வேண்டும், அல்லது படகு பிடிக்க வேண்டும்.

சாலைப் பாலம் வந்த புதிதில் அப்பத்தா பஸ்ஸில் ஏற மறுத்தது நினைவிருக்கிறது. "ரயிலுன்னா தண்டவாளத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போகும், இது எதைப் பிடிச்சுக்கிட்டுப் போகுது?" என்று கேட்டது. யாரிடமும் பதில் இல்லை.

பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. இதில் நடுவிலுள்ள 72.5 மீட்டர் துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே எழும்பும். எல்லாம் மோட்டார், பொத்தான். நெம்புகோல் சுற்றிய ஆட்களின் பிள்ளைகள் இப்போது கரையில் நின்று அதை செல்போனில் படம் எடுக்கிறார்கள்.

சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட் என்பது கதையா, நிஜமா?

நிஜம். எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி துறைமுகம் வரை ரயில். அங்கே நீராவிக் கப்பல். 30 கி.மீ. சொச்சம் கடல் தாண்டினால் தலைமன்னார். அங்கே இன்னொரு ரயில் காத்திருக்கும், கொழும்பு வரை. முழுப் பயணத்துக்கும் ஒரே சீட்டு. 'இர்வின்', 'கோஷன்' என்று இரண்டு கப்பல்கள் ஓடின. வெள்ளைக்கார வைஸ்ராய் ஒருவர், சென்னை கவர்னர் ஒருவர், அவர்கள் பெயர்கள் அவை. எங்கள் ஊர்க் கிழவிகள் வாயில் அவை "இருவின்", "கோசன்" ஆகி, ஏதோ பங்காளிகள் பெயர் மாதிரி ஒலிக்கும்.

இதைப் போக்குவரத்துச் செய்தியாக மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். இந்தக் கரையில் ஒரு வீட்டில் மூத்தவன் கொழும்பில் கடைச் சிப்பந்தி, இளையவன் வத்தை என்ற பாய்ப்படகில் கருவாடு ஏற்றுபவன், மாப்பிள்ளை கண்டியில் வியாபாரி என்று இருப்பது சாதாரணம். சோப்பு, தகரப் பெட்டி, குடை, தேயிலை எல்லாம் கொழும்புச் சாமான். மதுரை தூரம், கொழும்பு பக்கம். மதுரைக்குப் போனவரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். "கொழும்புக்குப் போயிருக்காரு" என்றால் அந்த வீட்டுத் திண்ணைக்கே ஒரு மரியாதை.

புயலில் தனுஷ்கோடி போன பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. அந்தக் கப்பலுக்கு 'ராமானுஜம்' என்று பெயர். இலங்கையில் போர் மூண்ட பிறகு, 1980-களின் நடுவில் அதுவும் நின்றது. நான் சிறுவனாக அந்தக் கப்பலின் சங்கொலியைக் கேட்டிருக்கிறேன். என் பிள்ளைகளுக்கு இலங்கை என்றால் செல்போனில் திடீரென்று வந்து விழும் அந்நிய நாட்டு ரோமிங் குறுஞ்செய்திதான்.

மண்டபத்துக்கு ஏன் 'கேம்ப்' என்று ஒட்டு?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலி ஆட்களைக் கப்பலேற்றும் முன் இங்கேதான் அடைத்து வைத்தார்கள். காலராவும் அம்மையும் அக்கரைக்குப் போய்விடக்கூடாது என்று தடுப்பூசி போட்டு, சில நாள் கண்காணித்து, அப்புறம் அனுப்புவார்கள். புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்துச் சனங்கள் ஆயிரக்கணக்கில் இந்த வழியாகப் போனார்கள்.

1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி அந்த ஆட்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து இறங்கியதும் இதே மண்டபம். 1983 கலவரத்துக்குப் பின் அகதிகள் வந்து இறங்கியதும் இதே மண்டபம். ஒரே மணலில் மூன்று தடவை! கேம்ப் என்ற சொல்லை மட்டும் யாரும் மாற்றவில்லை, ரயில் நிலையப் பலகையிலும் அதுதான்.

1964 புயல் அன்றாட வாழ்க்கையில் எதை மாற்றியது?

டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும்போது அலையில் போனது. வண்டியிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரில் எத்தனை பேர் என்று சரியான கணக்கை யாராலும் எடுக்க முடியவில்லை. பாம்பன் பாலத்தின் பல கண்கள் பெயர்ந்தன. அதை 46 நாளில் சரி செய்தவர் அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன், பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டியவர். தனுஷ்கோடி ரயில் பாதையை மட்டும் திரும்பப் போடவே இல்லை. ஊரை மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது.

ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், கஸ்டம்ஸ், மாதா கோயில், பள்ளிக்கூடம் என்று ஒரு டவுனுக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. பிழைத்தவர்கள் ராமேஸ்வரம் பக்கம் நடராஜபுரத்தில் குடியேறினார்கள். ஆனால் தொழிலுக்குத் தனுஷ்கோடிக்கே திரும்பிப் போய் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்குக் கரண்ட் இல்லை, சாலை இல்லை. மணலில் ஓடும் வேன்தான் வண்டி. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. இப்போது அந்தக் குடிசைகளில் பாதி, சுற்றுலாக்காரர்களுக்கு மீன் வறுத்துக் கொடுக்கும் கடை. இடிந்த மாதா கோயில் சுவரின் முன்னால் கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அங்கே மீன் வறுக்கும் அக்காவுக்கு ஒப்புகிறது, "வந்தாத்தானே யாவாரம்" என்கிறார்.

குடிதண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

எல்லாரும் பாலத்தைப் பற்றியே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கரையில் நூறு வருஷத்தில் நடந்த பெரிய மாற்றம் தண்ணீர்க் குழாய்தான்.

"தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்" என்று அதிகாரிகள் மிரட்டுவார்களே, அந்தக் காடு நாங்கள்தான். நாலு பக்கமும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் கிடையாது. ஆனால் மணலுக்கு ஒரு தயவு உண்டு. மழை நீர் மணலுக்குள் இறங்கி, கனத்த உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். கடலிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆழம் போகாமல் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஆசைப்பட்டு ஒரு முழம் கூடத் தோண்டினால் உப்பு வந்துவிடும். அந்த அளவு பெண்களின் கைக்குத்தான் தெரியும்.

அப்பத்தா ஊற்று தோண்டுவதைப் பார்த்திருக்கிறேன். குந்தி உட்கார்ந்து மணலை இரண்டு கையாலும் வாரிப் பின்னால் தள்ளும், நாய் பள்ளம் பறிக்கிற மாதிரி. ஈரம் தட்டியதும் வேகம் குறையும். அப்புறம் சிரட்டை. பள்ளத்தின் அடியில் கலங்கலாகத் தண்ணீர் சேரும். முதல் நாலைந்து சிரட்டையை வெளியே ஊற்றிவிடும். அப்புறம் காத்திருக்க வேண்டும். கை வைக்கக்கூடாது, பேசினாலும் பிடிக்காது. தெளிந்ததும் சிரட்டையைச் சாய்த்து, மணல் கிளம்பாமல் ஓரமாக மொண்டு, குடத்து வாயில் கட்டிய துணி வழியாக ஊற்றும். ஒரு குடம் நிறைய அரை மணி நேரத்துக்கு மேலாகும். விடியற்காலை மூன்று மணிக்குப் போனால்தான் ஊற்றில் இடம். பெண் பார்க்க வருகிறவர்கள் பையனின் தொழிலைக் கேட்கும் முன் "ஊத்து எம்புட்டு தூரம்?" என்று கேட்பார்களாம்.

நரிப்பையூரில் கடல் தண்ணீரை நன்னீராக்கும் ஆலை போட்டார்கள். 2009 வாக்கில் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. திருச்சிப் பக்கத்துக் காவிரி, குழாய் வழியாக ராமநாதபுரம் மாவட்டம் வரை! தினமும் வருகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மகளுக்கு ஊற்று தோண்டத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இப்போது விசேஷ வீடுகளில் 20 லிட்டர் கேன். கடலோரத்தில் லாட்ஜுகளும் வீடுகளும் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சுவதால் பழைய ஊற்றுகள் பல இடத்தில் உப்பாகிவிட்டன.

அந்தக் காலத்துச் சாப்பாடு எப்படி?

வரகு, கேப்பை, கம்பு. மழை பெய்த வருஷம் நெல்லுச்சோறு. பனை இருக்கும் வரை பட்டினி இல்லை என்பார்கள். பதநீர், நுங்கு, பனங்கிழங்கு, கருப்பட்டி என்று வருஷம் பூராவும் ஏதாவது கொடுக்கும். சாயல்குடிப் பக்கம் இன்றும் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள், ஏறுகிற ஆள்தான் குறைந்துபோனார்கள். கடல் ஒதுக்கும் கஞ்சிப்பாசியையும் அலசிக் காய்ச்சிக் குடித்தார்கள்.

மீன் விஷயத்தில் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்தது. ஐஸ் இல்லாத காலத்தில் நல்ல மீனை வெளியூருக்கு அனுப்ப வழியில்லை. சீலாவும் பாறையும் விளமீனும் ஊரிலேயே தின்று தீர்த்தார்கள், மிச்சம் கருவாடு. ஐஸ் கம்பெனி வந்தது, பாலத்தில் லாரி வந்தது. நல்ல மீனெல்லாம் மதுரைக்கும் கேரளத்துக்கும், இறாலும் நண்டும் கப்பலேறி வெளிநாட்டுக்கும் போகின்றன. பிடித்தவன் வீட்டில் காரலும் சூடையும் கொதிக்கின்றன. காரல் குழம்பை நான் குறை சொல்லவில்லை, அதன் ருசி எந்த வஞ்சிரத்துக்கும் வராது.

ஆவுளியா என்று நாங்கள் சொல்லும் கடல்பசுவின் கறியும் ஆமைக்கறியும் ஒரு காலத்தில் விருந்துச் சாப்பாடு. 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு இரண்டும் குற்றம். இன்று வலையில் ஆவுளியா சிக்கினால் வலையை அறுத்து அதைக் கடலில் விட்டுவிடுகிறார்கள், அதை வீடியோவும் எடுக்கிறார்கள்.

இரண்டாம் உலக யுத்த காலத்துக்கு ஒரு சின்னச் சித்திரம்: புளியங்கொட்டைக்குத் திடீர் கிராக்கி வந்து, ராமேஸ்வரத்துப் பையன்கள் பொறுக்கிக் கடையில் விற்றார்கள். ரயில் ஊரில் நிற்காமல் ஓடியதால் பத்திரிகைக் கட்டுகளை வண்டியிலிருந்து வீசினார்கள். அதைப் பொறுக்கி வீடு வீடாகப் போட்ட பையன்களில் ஒருவர் 1931-இல் பிறந்த அப்துல் கலாம்.

படகும் வலையும் எப்படி மாறின?

பாக் நீரிணையில் வத்தை, மற்ற இடங்களில் வல்லமும் கட்டுமரமும். பாய்தான் எஞ்சின். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் பெயர் தெரியாதவன் கடலுக்குப் போக முடியாது. கரையைத் திரும்பப் பிடிக்க ராமநாதசுவாமி கோபுரத்தையும் ஏதாவது ஒரு உயர்ந்த பனையையும் நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். வலை பருத்தி நூல். மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைத்துக் காயவைக்காவிட்டால் மக்கிப் போகும். கரைவலை இழுக்க இரண்டு பக்கமும் ஆள் வரிசை நிற்கும். ஒருவர் அம்பா பாட்டு எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ போட்டு இழுப்பார்கள். இன்று டிராக்டரோ வின்ச்சோ இழுக்கிறது. அதற்குப் பாட்டு தேவையில்லை.

1960-களில் நைலானும் விசைப்படகும் வந்தன. இறாலுக்கு டாலர் விலை வந்ததும் இழுவை மடிப் படகுகள் பெருகின. அடிக்கடலை வாரி வருவதில் பாதி சங்காயம், அதாவது கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகும் குப்பை மீன். நாட்டுப் படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் சண்டை மூண்டது. 1983-இல் மாநில அரசு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப் படகுக்கு. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்று நாள் பிரித்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரமும் கையில் காசில்லாத நேரமும் சேர்ந்து வருவது இதனால்தான். அடகுக் கடைக்காரர்களுக்கு அது அறுவடைக் காலம்.

இதற்கெல்லாம் மேலே எல்லைக்கோடு. 1974, 1976 ஒப்பந்தங்களுக்கு முன் கடலில் கோடு என்ற ஒன்றை யாரும் நினைக்கவில்லை. கச்சத்தீவு ராமநாதபுரம் சேதுபதி ஜமீன் கணக்கில் இருந்த தீவு. அங்கே வலை உலர்த்துவார்கள். 1974-இல் அது இலங்கைக்குப் போனது. இன்று ஜிபிஎஸ் கருவியில் கோடு தெரிகிறது. மீனோ கோட்டுக்கு அந்தப் பக்கம். சிறைபிடிப்புச் செய்தி வராத மாதமில்லை. அக்கரையில் இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான், எங்கள் இழுவை மடி அவர்கள் வலையை அறுக்கிறது என்பதையும் இந்தப் பக்கத்துக்காரன் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

பெண்கள் கடலில் இறங்கியதுண்டா?

உண்டு, இறங்குகிறார்கள். பாம்பன் சின்னப்பாலம், மண்டபம், ஏர்வாடிப் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் பல நூறு பேர். அகர் என்ற உறைபொருள் செய்ய மரிக்கொழுந்துப் பாசி வேண்டும் என்று வியாபாரிகள் வந்ததிலிருந்து, அறுபது வருஷத்துக்கும் மேலாக நடக்கும் தொழில் இது.

அவர்கள் கையைப் பார்க்க வேண்டும். பாறை கிழிக்காமலிருக்க ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் துணிக் கிழிசலைச் சுற்றி நூலால் கட்டுவார்கள். கட்டி முடிக்கவே கால் மணி நேரம். வலது கையைத் தானே கட்டிக்கொள்ள முடியாது, பக்கத்து ஆள் கட்ட வேண்டும். காலுக்கு முன்பு தகரத் தட்டு, இப்போது ரப்பர் செருப்பு. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, முகத்தில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையில் பறித்து, மேலே வந்து ஒரு மூச்சு, திரும்ப முங்கல்.

1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கியதும், பாட்டி காலத்திலிருந்து பாசி எடுத்த இடத்தில் போய் நிற்பது குற்றமாயிற்று. அபராதம், விரட்டல். அப்படியும் பாசி அழிந்துவிடக்கூடாது என்று மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். இதைச் செய்யச் சொல்லி எந்த அதிகாரியும் வரவில்லை.

2000 வாக்கில் பெப்சி கம்பெனி மூலம் வந்த ஒரு வெளிநாட்டுப் பாசியை மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்க்கிறார்கள். கம்பெனி விலகிப் பல வருஷம் ஆகியும் பாசிக்கு 'பெப்சிப் பாசி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. வங்கிக் கணக்கு, சுய உதவிக் குழு எல்லாம் இந்த வழியாகத்தான் பல வீடுகளுக்குள் வந்தது.

கீழக்கரை வீடுகளில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவாராமே?

ஆமாம், பழைய மரைக்காயர் குடும்பங்களில் அதுதான் வழக்கம். பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து தங்குவார். ஆண்கள் சங்கும் துணியும் ஏற்றிக்கொண்டு கொழும்பு, மலாயா என்று போய்விடுவதால் பெண்கள் உம்மாவோடும் லாத்தாவோடும், அதாவது அம்மாவோடும் அக்காவோடும், இருப்பது எல்லாருக்கும் நிம்மதி.

அங்கிருந்து போன கடிதங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ், அர்வி என்பார்கள். குர்ஆன் ஓதப் படித்த பெண்களுக்கு அந்த எழுத்து தெரியும், தமிழ் எழுத்து தெரியாமல் போகலாம். அதனால் வீட்டுச் செய்தி, கணக்கு, சமையல் குறிப்பு எல்லாம் அர்வியில். கீழக்கரையில் 1898-இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அந்த எழுத்தில் நூல்களே எழுதினார். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய் தமிழும் ஆங்கிலமும் படித்ததும் அர்வி மெல்ல ஒதுங்கியது. இன்று துபாயிலிருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறான். உம்மா அதை மூன்று தடவை போட்டுக் கேட்கிறார். தொதல் மட்டும் அப்படியே இருக்கிறது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மாவும் விட்டுக் கிண்டிக் கிண்டி, எண்ணெய் பிரிந்து பளபளவென்று கட்டியாக வரும் வரை கை நிற்கக்கூடாது. ஊருக்குத் திரும்பும் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு கிலோ தொதல் போகும்.

டிவி வருவதற்கு முன் பொழுது எப்படிப் போனது?

இலங்கை வானொலி. கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் எங்கள் ஊர்க்காரர்கள் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன், அவ்வளவு தெளிவாகக் கேட்கும். சென்னை வானொலி கரகரக்கும். 1982-இல் இலங்கை அரசு டிவியான ரூபவாஹினி தொடங்கியதும் டிவி வைத்திருந்த வீடுகள் நீளக் குழாயில் ஆன்டெனா கட்டி கிழக்கே திருப்பின. நம்மூர்ப் படம் வரும் முன்பே எங்களுக்குச் சிங்களச் செய்தி தெரியும், அர்த்தம்தான் தெரியாது. பிற்பாடு ராமேஸ்வரத்திலேயே 323 மீட்டர் உயரத்தில் டிவி கோபுரம் எழும்பியது. ஆன்டெனாக்கள் திரும்பிக்கொண்டன. இப்போது பாம்பனில் 'கடல் ஓசை' என்ற மீனவர்களுக்கான சமுதாய வானொலி இருக்கிறது.

மதச் சடங்குகள்?

ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தமும் சேதுக்கரையும் தேவிபட்டினமும் நிரம்புவது அன்றும் இன்றும் ஒன்றுதான், கூட்டம்தான் பல மடங்கு. ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு எல்லாச் சாதியும் போகும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு முன்பெல்லாம் படகை எடுத்துக்கொண்டு பிள்ளைகுட்டியோடு போய் இரவு தங்கி வருவார்கள். அக்கரை உறவினர்களும் வருவார்கள், கல்யாணப் பேச்சு நடக்கும். இப்போது ஆதார் நகல், முன்பதிவு, பட்டியல், சோதனை.

கரையில் எங்கே பார்த்தாலும் முள்மரமாக இருக்கிறதே, எப்போதும் அப்படியா?

இல்லை. குடைபோல் விரியும் உடைமரமும் பனையும்தான் எங்கள் மரம். சீமைக்கருவேலம் போன நூற்றாண்டில் விறகுக்காகப் பரப்பியது. கண்மாயைத் தின்றுவிட்டது என்று திட்டுகிறார்கள், அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பல வீட்டில் உலை கொதிக்கிறது.

மாறாதது ஏதாவது உண்டா?

பங்கு. பிடித்த மீனை விற்றதும் செலவு போக, படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பது. மாதச் சம்பளம் என்ற பேச்சு இன்னும் இந்தக் கரையில் எடுபடவில்லை.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய ஆசை. எப்படிக் கேட்பது?

"அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நல்லா இருந்துச்சு" என்று முடித்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு எதில் வந்தீர்கள், முதல் சோப்பு எங்கே வாங்கியது, புயலன்று ராத்திரி என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள். அதைவிட, பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அப்பத்தாவின் தகரப் பெட்டியில் சுருக்குப் பைக்குள் இலங்கைச் செப்புக்காசு நாலைந்து கிடந்தது. கப்பல் நின்று இருபது வருஷம் ஆகியிருந்தது. எதற்கு இதை வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "அடுத்தவாட்டி போகையில அங்கன எறங்குன உடனே செலவுக்கு வேணுமில்ல" என்றது.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு போனால் நன்றாகப் பேசுவார்கள். காலையில் மீன் வரும் நேரத்தில் போகாதீர்கள். செல்போனில் பதிவு செய்யும்போது கிழக்கு ஜன்னலைச் சாத்திவிடுங்கள், காற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.